நடுத் தூணுக்கு அந்தப் பக்கம்

11 ஜனவரி 2011, செவ்வாய்

காலையில் ரொட்டிக்கடை. மூன்று மாடி இறங்கி ஏறுவதற்குள் நுரையீரல் வாய்க்கு வந்துவிடுகிறது. கடைக்கார அம்மா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே, "சங்கதி தெரியுமா சார்? நம்ம ஹென்னெஸுக்குக் கணையத்துல புத்துநோயாம். ரெண்டு மாசம் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். உங்களுக்குத் தெரியாம இருக்குமா!" என்றாள். பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

எனக்குத் தெரியாது. முதன்முறையாக ஒரு சாவுச் செய்தி என்னைத் தாண்டி ரொட்டிக்கடைக்குப் போயிருக்கிறது.

எழுதிவிடுகிறேன், இங்கே யாருக்குப் பயப்பட வேண்டும் — சந்தோஷமாக இருந்தது. படியேறும்போதுகூட மூச்சு வாங்கவில்லை.

14 ஜனவரி

இரண்டு நாளாக ஹென்னெஸ் வோய்டாலாவைப் பற்றி நாற்பது வரி எழுத முயல்கிறேன். முடியவில்லை.

முப்பத்தொரு வருடமாக நகர ஆண்டுமலரில் 'இந்நகரில் மறைந்தோர்' பகுதி என் பொறுப்பு. பத்திரிகை வேலையை விட்ட பிறகும் இதை விடவில்லை. பிரபலமானவர்களைப் பற்றி உயிரோடு இருக்கும்போதே எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைப்பேன். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் கல்லறையை நகரமே என்றென்றைக்கும் பராமரிக்கும். ஏறாதவர்களுக்கு இருபத்தைந்து வருடம்தான். பிறகு கல்லைப் பெயர்த்து, உடைத்து, பாதைக்குப் போட்டுவிடுவார்கள். நானே அப்படிப் பெயர் எழுதிய சல்லியில் நடந்திருக்கிறேன்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. நகர எல்லைக்குள் செத்திருக்க வேண்டும். எல்லை, ரைன் பாலத்தின் நடுத் தூண். விதியை எழுதியவன் நான், 1994-இல். பாடகர் குழுத் தலைவர் கோசியெல் ஆம்புலன்ஸில் நடுத் தூணைத் தாண்டி நாற்பது மீட்டரில் உயிரை விட்டார். அவர் மனைவி ஆவணக்காப்பகத்தில் என் மேசைக்கு முன்னால் அழுதாள். "நாப்பது மீட்டர் சார்!" என்றாள். விதிவிலக்கு கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றும் ஆவணக்காப்பகச் சுவரில் அந்தக் கடிதம் தொங்குகிறது.

ஹென்னெஸைப் பற்றி எழுதினால் எதை எழுதுவது? இருபத்தொன்பது வருடம் இரும்பு உருக்கும் உலையில் நின்றான், சரி. ஆனால் ஊருக்கு அவனைத் தெரிந்தது கார்னிவல் மேடையில், பீப்பாய்க்குள் நின்றுகொண்டு கிண்டல் பேசுகிறவனாக. அதில் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான். 1987.

*கழுகு வந்து கதவத் தட்டுனா காய்ச்சக்காரா எழுந்து ஓடு,
உன் கதைய எழுதி முடிச்சுட்டான், தேதி மட்டும் பாக்கி, ஓடு!*

முன்வரிசையில் நான். பக்கத்தில் ஹில்ட்ரூட். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், என் தொடையைத் தட்டித் தட்டி. வாத்தியக்காரர்கள் ஒவ்வொரு வரிக்கும் 'ட்டா-டா' என்று ஊதினார்கள். அன்றிலிருந்து நான் கழுகு எவால்ட். அவள் போய்ப் பதினொரு வருடமாகிறது. அந்தச் சிரிப்பு மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

ஹென்னெஸ் பட்டியலில் ஏறினால் அந்த இரண்டு வரியும் ஏறும். அவன் பக்கத்தில் நான் என்றென்றைக்கும் கழுகாகவே உட்கார்ந்திருப்பேன்.

அவன் ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

19 ஜனவரி

போய்ப் பார்த்தேன். மகள் அன்னெகிரெட் கதவைத் திறந்தாள். டிராம் ஓட்டுகிறவள், சீருடையைக்கூடக் கழற்றவில்லை. ஹென்னெஸ் சோபாவில் கிடந்தான். பாதி ஆள்தான் இருக்கிறான். வாய் மட்டும் முழுசாக இருக்கிறது.

"வாடா கழுகு! அளவெடுக்க வந்தியா?"

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"சும்மாவா? நீ சும்மா வந்த வீட்ல மறுவாரம் கறுப்புத் துணிடா."

அவனே சிரித்து, அதுவே இருமலாகி, வாந்தியாகி — அன்னெகிரெட் பாத்திரத்தோடு ஓடிவந்தாள். பிறகு சமையலறையில் என்னிடம் அழுதாள். "எவால்ட் மாமா, என்னால தூக்க முடியல. இறுதிநாள் இல்லத்துல எழுதி வச்சிருக்கேன், எப்ப இடம் வரும்னு தெரியாதாம். நான் வண்டியில இருக்கறப்ப போன் எடுக்கவும் முடியாது. எடுத்தா வேலை போயிரும்."

"என் நம்பரைக் குடும்மா. நான் நாள் பூரா வீட்லதானே இருக்கேன்" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டாள். கடவுள் சாட்சியாக, அப்போது உதவியாகத்தான் சொன்னேன். என்று நினைக்கிறேன்.

20 ஜனவரி

அக்கரையிலும் ஓர் இல்லம் இருக்கிறதே. ஆற்றைப் பார்த்த ஜன்னல்கள். அழகான இடம்.

நடுத் தூணுக்கு அந்தப் பக்கம்.

22 ஜனவரி, சனி

அக்கரையில் பேசினேன். பிப்ரவரி முதல் தேதி ஓர் அறை காலியாகிறது. அன்னெகிரெட் போனில் தேம்பினாள். "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் மாமா" என்றாள். அவளுக்கு அந்த எல்லைக் கதை எதுவும் தெரியாது. யாருக்கு நினைவிருக்கிறது, என்னையும் கோசியெல் அம்மாவையும் விட்டால்?

27 ஜனவரி

பதினொன்றே கால் மணிக்குப் போன். ஊருக்குள் இருக்கும் இல்லத்திலிருந்து. "வோய்டாலா அவர்களுக்கு இடம் இருக்கு, நாளைக்கே வரலாம். தெற்குப் பக்க அறை."

"வேண்டாம்மா. வேற இடம் கிடைச்சிருச்சு" என்றேன்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டாள்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் அடிபிடித்துவிட்டது.

1 பிப்ரவரி

அன்னெகிரெட்டுக்கு லீவு இல்லை என்பதால் ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். ஹென்னெஸ் படுத்தபடியே கண்ணாடி வழியாகப் பாலத்தின் கம்பிகளை எண்ணிக்கொண்டு வந்தான். நடுத் தூண் வந்ததும் என் பக்கம் திரும்பி, "கோசியெல் இங்கதானடா போனாரு?" என்றான்.

"எந்தக் கோசியெல்?" என்றேன்.

"பாட்டுக்காரரு. நல்ல குரலு." திரும்பவும் கம்பிகளை எண்ண ஆரம்பித்தான்.

அவனுக்குத் தெரியுமா? தெரிந்தால் கத்தியிருக்க மாட்டானா? வாய் சும்மா இருக்கிற ஆளா அவன்?

4 பிப்ரவரி

நல்ல அறை. எதிரே நம் ஊர்ப் புகைபோக்கிகள் எல்லாம் தெரிகின்றன. மூன்று பேர் ஆடும் ஸ்காட் சீட்டாட்டத்துக்கு என்னைப் பிடித்து உட்கார வைத்தான். மூன்றாவது ஆள் நர்ஸ் யாசெமின். "இந்தப் பொண்ணு துருக்கிக்காரி, ஆனா உன்னைவிட நல்லா ஆடுவா பாரு" என்றான்.

"தாத்தா, நான் இதே ஊர்ல பொறந்தவ" என்றாள் அவள்.

"அப்ப ஏமாத்தவும் தெரிஞ்சிருக்கும். எடு சீட்ட."

நான்தான் ஜெயித்தேன்.

7 பிப்ரவரி

ஜெயித்தேன். மூன்று ஆட்டமும்.

10 பிப்ரவரி, வியாழன்

இன்று அன்னெகிரெட்டும் இருந்தாள். நான் நுழைந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வணக்கத்துக்குப் பதில் இல்லை. பாவம், தூக்கமில்லாத முகம். ஹென்னெஸ் மட்டும் என்றைக்கும்போல.

சீட்டைக் கலைத்தபடியே கேட்டான், "எவால்ட், என்கிட்ட ஏதாவது சொல்லணுமாடா?"

'கழுகு' என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"என்னத்தச் சொல்ல?"

"எதையாவது. சாகப்போறவன்கிட்ட எத வேணா சொல்லலாம். வெளிய போகாது."

"ஒண்ணுமில்லடா" என்றேன்.

சீட்டைக் கலைத்து முடித்தான். பிறகு, "சரி, எடு சீட்ட" என்றான். இன்றும் நானே ஜெயித்தேன்.

15 பிப்ரவரி

டாக்டர் என் நெஞ்சுப் படத்தைக் காட்டி, இனி மூன்றாவது மாடியில் தனியாக இருக்கக் கூடாது, முதியோர் இல்லம் பாருங்கள் என்கிறார். பார்க்கலாம். ஊருக்குள்தான் பார்க்க வேண்டும். எனக்கான நாற்பது வரியை ஏழு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டேன். அதில் கழுகு என்ற சொல் கிடையாது.

17 பிப்ரவரி

இன்று போகவில்லை. பனி. நாள் முழுக்க என்ன செய்வதென்றே தெரியவில்லை. நாலு மணிக்குக் கை தானாகச் சீட்டுக்கட்டைத் தேடுகிறது. என்ன கண்றாவி இது, அவனைப் பார்க்கப் போவது எனக்குப் பிடித்துப்போய்விட்டதா?

22 பிப்ரவரி

அவனால் இப்போது சீட்டைப் பிடிக்க முடியவில்லை. யாசெமின் அவன் கைக்குள் விசிறிபோல் செருகி வைக்கிறாள். எதைப் போடவேண்டும் என்று கண்ணால் காட்டுகிறான். அப்படியும் நான் ஜெயித்தேன். ஜெயித்துவிட்டுக் கூச்சமாக இருந்தது.

தலையணைக்கடியில் ஒரு நோட்டு கிடந்தது. அன்னெகிரெட்டின் கையெழுத்து. "என்னடா அது?" என்றேன்.

"கடைசிப் பேச்சு. மககிட்டச் சொல்லி எழுத வைக்கிறேன். மார்ச் ஆறு, கார்னிவல்ல அவ வாசிப்பா. நீ முன்வரிசையில உக்காரணும். இடம் போட்டு வைக்கச் சொல்லிருக்கேன்."

"எனக்கா?"

"உனக்குத்தாண்டா. நீ இல்லாம நான் யாரு?"

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆமாம், அழுதேன். என்ன பாவத்தைப் பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்? நாளைக்கே அவனை இக்கரைக்குக் கொண்டுவந்துவிடலாமா? ஒரு போன் போதும். ஆனால் கொண்டுவந்தால் ஏன் என்று கேட்பார்களே. நாளை மறுநாள் பார்க்கலாம்.

26 பிப்ரவரி, சனி

காலை ஆறு இருபதுக்கு ஹென்னெஸ் போய்விட்டான். அக்கரையில்.

போன் பண்ணியது யாசெமின். அன்னெகிரெட் அல்ல.

2 மார்ச்

அடக்கம் முடிந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. உலைக்காரர்கள் வெப்பம் தாங்கும் பழைய வெள்ளிநிறச் சட்டையோடு நின்றார்கள். காப்பகத்தில் என் இடத்துக்கு வரப்போகிற ஸ்வென்யா டெம்ஸ்கி என்ற பெண் பக்கத்தில் வந்து, "சார், இவர் அக்கரையில இறந்திருக்காரே. பட்டியல்ல சேர்க்க முடியாதா?" என்றாள்.

"விதி விதிதாம்மா" என்றேன்.

அப்படியென்றால் அவன் கல் 2036-இல் சல்லியாகும். ஜெயித்துவிட்டேன். ஜெயித்தால் இப்படியா இருக்கும்?

6 மார்ச், ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் இருக்க முடியாது.

கார்னிவல் வழக்கப்படி காலை பதினொரு மணி பதினொரு நிமிஷத்துக்கு மண்டபத்தில் நிகழ்ச்சி ஆரம்பம். முன்வரிசை, நடு நாற்காலி, என் பெயர் எழுதிய சீட்டு. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். மேடையில் காலியாக அவனுடைய பீப்பாய். அன்னெகிரெட் டிராம் சீருடையிலேயே அதற்குள் ஏறி நின்று நோட்டைத் திறந்தாள்.

முதலில் மேயரைப் பற்றி, மூடிய உலைகளைப் பற்றி, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி. சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அடுத்ததை மனப்பாடமாகச் சொன்னாள்.

*கழுகு ஒண்ணு கையப் புடிச்சுக் கூட்டிப் போச்சு அந்தக் கரை,
அந்தப் பக்கம் செத்துப் போடா, இந்தப் பக்கம் இல்ல அறை!*

ட்டா-டா.

*இடமிருக்கு வாங்கன்னாங்க, வேணாமுன்னான் போனுக்குள்ள,
நடுத் தூண தாண்ட வச்சான், நானும் இப்ப ஊருக்குள்ள இல்ல!*

ட்டா-டா. முதலில் யாருக்கும் புரியவில்லை. பாதிப் பேர் பழக்கத்தில் சிரித்தார்கள். அப்போது அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பாட்டே இல்லாமல் வாசித்தாள். ஊருக்குள் இருக்கும் இல்லம் ஜனவரி கடைசியில் அவளுக்கு எழுதியது. "திரு. எவால்ட் க்ரூஷ்கா தொலைபேசியில் தெரிவித்தபடி, தங்களுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதில் மகிழ்ச்சி. காலியாக இருந்த அறையை வேறொருவருக்கு வழங்கிவிட்டோம்."

"இத நான் அப்பாகிட்டக் காட்டுனது பிப்ரவரி ஒம்பது" என்றாள்.

ஒன்பது. அவன் என்னைக் கேட்டது பத்தாம் தேதி.

கோசியெல் அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்னெகிரெட் நோட்டுக்குத் திரும்பினாள்.

*ஆனா தினமும் ஆட வந்தான், அதுக்கு ஒரு நன்றி சொல்லு,
அவன் ஜெயிச்ச ஆட்டம் எல்லாம் நான் விட்டுத் தந்தது, அதையும் சொல்லு!*

அதற்குத்தான் சிரித்தார்கள். எழுநூறு பேர். மேசையைத் தட்டித் தட்டி, அழுதுகொண்டே சிரித்தார்கள். வாத்தியக்காரன் மூன்று முறை ஊதினான். நான் எழுந்து வெளியே வருவதற்கு நடுநாற்காலியிலிருந்து பதினான்கு பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒருவரும் காலை மடக்கவில்லை.

7 மார்ச்

எல்லா ஆட்டமுமா?

30 மார்ச்

நகரமன்றம் கூடி ஒருமனதாகத் தீர்மானம். வோய்டாலாவுக்கு மட்டும் விதிவிலக்கு. பட்டியலில் ஏறுகிறான், கல்லறை நிலைக்கும். கோசியெல் அம்மாவும் திரும்ப மனுப் போட்டாளாம். என் 1994 கடிதத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

ஹென்னெஸின் நாற்பது வரியை அன்னெகிரெட் எழுதுகிறாள்.

12 ஏப்ரல்

ஸ்வென்யா படியேறி வந்தாள். அச்சுப்படியைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு கழுகுப் பாட்டும் முழுசாக இருக்கிறது. நான் போனில் சொன்னதும் இருக்கிறது, பெயரோடு.

"இன்னொரு விஷயம் சார். கோபப்படக் கூடாது. நீங்க உங்களுக்காக எழுதி வச்ச பக்கம் கோப்புல இருக்கு. அதுல கழுகுன்னே இல்ல. பின்னாடி போடறப்ப நாங்க சேர்த்துக்கலாமா?"

"வேண்டாம்."

"அது இல்லாம உங்கள யாருக்குத் தெரியும் சார்?"

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அவள் நல்ல பெண். அதுதான் தாங்கவில்லை. டீ போட்டுக்கொடுத்து அனுப்பினேன்.

5 மே

முடிவு செய்துவிட்டேன். என் விதி இருக்கிறதே, அது எனக்கும் உதவட்டும். அக்கரையில் முதியோர் இல்லம் ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே செத்தால் பட்டியல் கிடையாது, பக்கம் கிடையாது, கழுகும் கிடையாது. எனக்கு யார் விதிவிலக்குக் கேட்கப்போகிறார்கள்? இருபத்தைந்து வருடம் வெறும் கல்லாக இருந்துவிட்டு நிம்மதியாகச் சல்லியாகிவிடலாம்.

விண்ணப்பம் நிரப்பிய பெண் கேட்டாள், "இடம் காலியானா யாரக் கூப்பிடணும் ஐயா?"

"என்னைத்தான்."

"நாங்க ரெண்டு தடவ கூப்பிட்டோம், உங்களுக்குக் காது கேக்கலயே. மகன், மக, சொந்தக்காரங்க, யாராச்சும் ஒருத்தர். காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தினமும் சுழற்றியது.

எழுதிக் கொடுத்தேன். அன்னெகிரெட்டிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடுத்திருப்பாளா?

17 மே

படியில் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. ரொட்டிக்கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போய்வருகிறார். சில்லறையையும் ரொட்டியையும் வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்.

9 ஜூன், வியாழன்

அக்கரை இல்லத்திலிருந்து கடிதம்.

"திருமதி அன்னெகிரெட் வோய்டாலா தொலைபேசியில் தெரிவித்தபடி, தங்களுக்கு ஊருக்குள்ளேயே வேறு இடம் கிடைத்துவிட்டதில் மகிழ்ச்சி. காலியாக இருந்த அறையை வேறொருவருக்கு வழங்கிவிட்டோம்."

மூன்று முறை படித்தேன். மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மதியம் ஸ்வென்யா கூப்பிட்டாள். என் பக்கத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டுமாம், அவசரமில்லையாம்.